‘மா’

“‘ஸ’ இல்லை, ‘மா’ என்று சொல்லுங்கள்.”

தந்தூர் அடுப்பருகே நின்றபடி திருத்தினார் பெஷாவர்க்காரர். ஷார்ஜாவில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடை. ‘நான் ரொட்டி சாப்பிட்டேன்’ என்று அவருடைய பஷ்தோ மொழியில் சொல்லிப் பார்த்தேன்.

சாப்பிடுகிறேன் என்றால், ‘நான்’ என்பதற்கு ‘ஸ’. சாப்பிட்டுவிட்டால் அதே ‘நான்’ ‘மா’ ஆகிவிடுகிறது.

வினையும் என்னை விட்டு ரொட்டியின் பக்கம் போய்விடுகிறது. ரொட்டி அங்கே ‘டோடை’, பெண்பால். வினையும் பெண்பாலில் முடிகிறது. நம் ‘சாப்பிட்டேன்’ தன் வாலில் என்னைச் சுமக்கிறது. அங்கே அந்த இடம் ரொட்டிக்கு!

‘வந்தேன்’ என்றால் மறுபடி ‘ஸ’தான். செயப்படுபொருள் இல்லையே.

‘நீ என்னைப் பார்த்தாய்’ என்பதற்கு, ‘தா ஸ வுலீதம்’ என்றார். பார்த்தது நீ, வினையின் கடைசி ‘ம்’மில் இருப்பதோ நான்.

சூடான ரொட்டியோடு அதைச் சொல்லிக்கொண்டே வீடு வரை நடந்தேன்.