20 வருடச் சேற்றுக்கு இடம் பார்த்தது

கப்பல் கால்வாயில் வருடா வருடம் தூர்வாருவோம். வாரிய சேற்றைக் கொட்டும் கரைகட்டிய பாத்தி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. அடுத்த 20 வருடத்துக்கு எங்கே கொட்டுவது என்று திட்டம் போடும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது. முடிக்க மூன்று வருடம் ஆனது.

முதல் வாரமே ஒரு கணக்குப் போட்டேன். பழைய தூர்வாரல் அளவுகளின் சராசரியை 20-ஆல் பெருக்கி, பாத்தியின் பரப்பால் வகுத்தால் கரையின் உயரம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. கால்வாய்க்கு அடியில் கிடக்கும் சேறு வேறு, குழாய் வழியே வந்து விழும் சேறு வேறு. உறிஞ்சித் தள்ளும் தூர்வாரி தண்ணீரைக் கலந்துதான் அனுப்பும். வருவதில் எடைக்கு 10 முதல் 20 சதவீதம்தான் மண். படிந்த பிறகும் களிச்சேறு முன்பு அடைத்திருந்ததைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். மணல் அந்த அளவுக்கு உப்பாது.

எவ்வளவு உப்பும் என்று பார்க்க, ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் சேற்றுக் குழம்பை ஊற்றி 15 நாள் படியவிட்டோம். முதல் தடவை குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டார்கள். நாள் கணக்கில் கலங்கலாகவே நின்றது. அப்புறம் கால்வாய்த் தண்ணீரிலேயே கரைத்தோம். கடல் உப்பு பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. மேலே தெளிந்த நீர், கீழே சேறு, நடுவில் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு எல்லை. அந்தக் கோடு மணிக்கு மணி இறங்குவதைக் குறித்துக்கொண்டோம். தண்ணீர் தெளியப் பாத்தி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதில்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் திட்டத்தின் போக்கே மாறியது. கரையை உயர்த்துவதைவிடச் சேற்றைக் காயவைப்பதுதான் இடம் தரும் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள கிரேனி தீவுச் சேற்றுத் தேக்கத்தை 1980-களில் உள்கரை போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றில் கொட்டும்போது மற்ற இரண்டும் காயும். நாங்களும் அந்த வழியையே எடுத்தோம். தடிமனாக ஒரே இடத்தில் கொட்டாமல் மெல்லிய அடுக்காகப் பரப்புவது, மழைத்தண்ணீர் தேங்காமல் ஓரமாக வாய்க்கால் வெட்டுவது, காய்ந்த மேல்மண்ணை வெட்டிக் கரைக்கே போடுவது என்று ஒவ்வொரு வருடத்துக்கும் எழுதி வைத்தோம். சேற்றின் மேல் கரையை ஒரேயடியாக உயர்த்தினால் சரிந்துவிடும். அதனால் கொஞ்சம் உயர்த்திவிட்டு, அடிமண் இறுகும்வரை பொறுக்க வேண்டும்.

முகத்துவாரத்து மணலைப் பாத்திக்கே கொண்டுவரவில்லை. கரையோரமாக நகர்ந்து போக வேண்டிய மணலைத்தான் அலைத்தடுப்புச் சுவர்களும் ஆழப்படுத்திய கால்வாயும் மறித்துப் பிடித்துக்கொள்கின்றன; அரிப்பு எடுக்கும் கரைக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம். கப்பல் கட்டும் துறைகளை ஒட்டிய சேற்றில் எண்ணெயும் உலோகமும் இருந்ததால் அதற்குத் தனிப் பாத்தி ஒதுக்கினோம்.

அனுமதிக் கூட்டங்கள் இழுத்தன. ஆனால் ஒரு கூட்டத்தில் வயதான மீனவர் ஒருவர் வரைபடத்தில், பாத்தித் தண்ணீரை வெளியே விடும் மதகு இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த ஓடையிலதான் இறால் குஞ்சு வளருது, கலங்கல் தண்ணிய இங்கயா விடப்போறீங்க?" என்று கேட்டார். எங்கள் ஆய்வில் விடுபட்டது அது. மதகை எதிர்ப்பக்கம் மாற்றினோம். குழாய்வாயிலிருந்து தூரம் கூடியதால் சேறு படிய நேரமும் கூடுதலாகக் கிடைத்தது.

முதல் பாத்தியில் பம்ப் நின்றதும் மதகுப் பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். தெளிந்த நீர் வந்தால் ஒன்றை எடு, கலங்கினால் நிறுத்து, மறுநாள் அடுத்தது. சில வாரங்களில் மேல்பரப்பு வெடிக்கத் தொடங்கியது. வெடிப்புக்குள் கையை விட்டால் விரல்நுனியில் இன்னும் ஈரச்சேறு. ஓரவாய்க்காலை இன்னும் ஆழமாக்கினோம். ஆறு மாதம் கழித்து அளவுக்கம்பைப் பார்த்தபோது மட்டம் இரண்டு சாண் இறங்கியிருந்தது. அதைக் கணக்கில் ஏற்றி, முதல் கரை உயர்த்தலை இரண்டு வருடம் தள்ளிவைத்தோம்.