பெட்டிக்குள் 36 போன்கள்

செப்டம்பர் 1, 2025, திங்கள்

இன்று முதல் போன் பெட்டி. காலை மணி அடிக்கும்போது வகுப்பாசிரியர் பெட்டியோடு வாசலில் நிற்க வேண்டும். மாலை கடைசி மணிக்குத்தான் திருப்பித் தர வேண்டும். பத்தாம் வகுப்பில் 36 பேர், பெட்டியில் எண் போட்ட 36 தடுப்புகள். தச்சர் நன்றாகத்தான் செய்திருக்கிறார். போன்கள் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போவதை மட்டும் மறந்துவிட்டார். நான்கு போன்கள் உள்ளே போக மறுத்ததால் என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

வாங்கி முடிக்க 14 நிமிடம். முதல் பீரியட் என்னுடைய கணக்கு. ஆக, நஷ்டமும் எனக்கேதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆசிரியர் அறையில் இதே பேச்சு. "பழைய விதியே போதாதா?" என்றார் வேதியியல் சார். பழைய விதி என்ன? பாட நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. எழுதி வைக்க நல்ல விதி. நடைமுறையில் எட்டு பீரியட், எட்டு ஆசிரியர், எட்டு நீதிமன்றம். ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். ஒருவர் அகராதி பார்க்கலாம் என்பார். ஒருவர் கையிலிருந்து பிடுங்குவார். பிடுங்குகிறவர் கெட்டவர். நான் எந்தப் பட்டியலில் இருந்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிரான்ஸ் 2010இல் இதே இடத்தில்தான் ஆரம்பித்தது. பாடம் நடக்கும்போது மட்டும் தடை. 2018இல் சட்டத்தை மாற்றி, ஏறக்குறைய 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வளாகம் முழுக்கத் தடை என்றார்கள். எட்டு வருஷம் கழித்து ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதை அந்த ஊர் ஆசிரியர்களைக் கேட்காமலே என்னால் ஊகிக்க முடிகிறது. போன வாரம் தென்கொரிய நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கும் சட்டமும் பாட நேரத் தடைதான், அடுத்த மார்ச்சிலிருந்து. பார்ப்போம்.

செப்டம்பர் 4, வியாழன்

கடைசி பெஞ்சிலிருந்து வந்த ஒரு போன் கையில் கனக்கவே இல்லை. அழுத்திப் பார்த்தேன், உயிர் இல்லை. பின்மூடியைத் திறந்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் மடித்த அட்டை! மூன்றாவது பீரியடில் அவனுடைய சாக்ஸுக்குள்ளிருந்து அசல் போன் அதிர்ந்தது.

"மிஸ், அது அவசரத்துக்கு."

"இது?"

"இது பெட்டிக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டையும் வாங்கி வைத்தேன். சில நாடுகளில் பெட்டிக்குப் பதிலாகக் காந்தப் பூட்டு போட்ட பை தருகிறார்கள். போன் பிள்ளையிடமே இருக்கும், பள்ளி முடிந்தபின் தான் பூட்டு திறக்கும். அதற்குள்ளும் அட்டை பேட்டரி போன் போகத்தான் செய்யும்.

செப்டம்பர் 8, திங்கள்

பெட்டியை ஆசிரியர் அறை அலமாரியில் வைக்கிறோம். இன்று ஒரு பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தேன்கூடு மாதிரி அது ஓயவே இல்லை. சைலன்ட் என்று சொல்லி வைத்தவையெல்லாம் மரத்தில் மோதி அதிர்ந்தன. பள்ளி நேரத்தில் இவர்களுக்கு யார் இவ்வளவு செய்தி அனுப்புகிறார்கள்? மாலையில் வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்த பதில்: "அம்மா", "அப்பா". "மார்க் வந்துடுச்சா?", "வரும்போது அண்ணனோட வா", ஒரு கட்டை விரல், ஒரு பூ.

பெற்றோர் கூட்டத்தில் போன் பைத்தியம் என்று புலம்புகிறவர்களும் இவர்களேதான். அவசரம் என்றால் அலுவலக எண் இருக்கிறது, ஆளனுப்பிக் கூப்பிடுவோம் என்று சுற்றறிக்கை போகிறது. பூவுக்கு ஆளனுப்ப முடியாது.

செப்டம்பர் 10, புதன்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண். அவளுக்கு முதல் வகை நீரிழிவு. மேல்கையில் ஒரு சிறு சென்சார் ஒட்டியிருப்பாள். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவை ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும், அளவு இறங்கினால் போன் அலறும். போன் தூரத்தில் இருந்தால் அலறியும் பயனில்லை, தொடர்பே அறுந்துவிடும். விதிமுறையில் மருத்துவ விலக்கு இருக்கிறது, கடிதம் கொண்டு வந்தால். கடிதம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றவர்கள் பார்க்க, தான் மட்டும் தராமல் நிற்க அவளுக்குக் கூச்சம். இத்தனை நாளும் பெட்டியில் போட்டுவிட்டு, இடைவேளையில் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். விரல் நுனிகளைக் காட்டினாள்.

இனி அவள் போன் எந்தப் பாடமானாலும் வகுப்பு மேஜை மேல் இருக்கும். வெளியே போகும்போது கையோடு எடுத்துப் போவாள். "அவளுக்கு மட்டும் ஏன் மிஸ்?" என்று கேள்வி வந்தது. நான் வாய் திறக்கும் முன் அவளே எழுந்து கைச்சட்டையை ஏற்றிக் காட்டி, அது எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு நிமிடம் சொன்னாள். என்னைவிட நன்றாகப் பாடம் நடத்துகிறாள்.

செப்டம்பர் 15, திங்கள்

தலைமையாசிரியர் "முன்பு, பின்பு" மதிப்பெண் ஒப்பீடு கேட்கிறார். இரண்டு வாரத்தில்! கணக்கு டீச்சரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது?

நாலு இங்கிலாந்து நகரங்களின் 91 பள்ளிகளை வைத்து 2015இல் வந்த ஆய்வில், தடைக்குப் பிறகு மதிப்பெண் கூடியது முக்கியமாகப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு. முன்வரிசைக்காரர்களுக்கு மாற்றமே இல்லை. அதே மாதிரி ஸ்வீடனில் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்த வருஷம் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் 1,227 பேரிடம் செய்த ஆய்வில், தடை உள்ள பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் மேல் என்றும் தெரியவில்லை. நாள் முழுவதற்குமான போன் நேரம் குறைந்ததாகவும் தெரியவில்லை. பள்ளியில் மிச்சம் பிடித்தது வீட்டில் செலவாகிறது போல.

இதையெல்லாம் சொன்னேன். "அப்போ பெட்டி வேண்டாம்ங்கறீங்களா?" என்றார். வேண்டும் சார். மார்க்குக்காக அல்ல. இரண்டு வாரமாக நான் ஒரு பிள்ளையிடமும் "உள்ளே வை" என்று சொல்லவில்லை. காலையில் ஒரே ஒரு சண்டை, அதோடு சரி. அதை ஒப்பீட்டில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மைதானத்தில் பந்துக்காக இரண்டு பையன்கள் உருண்டார்கள். விலக்கப் போனேன். சுற்றி நின்ற கூட்டத்தில் எல்லார் கையும் சும்மா இருந்தது. சண்டை அங்கேயே முடிந்தது. போன வருஷம் இதைவிடச் சின்ன ஒரு தள்ளுமுள்ளு, வீடியோவாகி மூன்று வாரம் ஓடியது.

செப்டம்பர் 24, புதன்

போன்களைப் பெட்டியில் வாங்கி முடிக்க இன்று நான்கு நிமிடம்.

இரண்டாவது பீரியட், இருபடிச் சமன்பாடு. பலகைப் பக்கம் திரும்பியிருந்தேன். மேஜையிலிருந்து மூன்று முறை பீப். எனக்கு முதலில் பிடிபடவில்லை. "மிஸ், அவளுக்கு சுகர் இறங்குது," என்றது கடைசி பெஞ்சு, அட்டை பேட்டரிக்காரன். அதற்குள் அவள் குளுக்கோஸ் மாத்திரையை வாயில் போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பத்து நிமிடம் போல எல்லாரும் அந்த எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். 62, 64, 71. அப்புறம் 83.

சமன்பாட்டின் மூலங்களை அடுத்த வகுப்பில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.