தப்பா எடுத்துக்காதீங்க, கிரேக்கத்தில்

'டோன்ட் டேக் இட் த ராங் வே' என்பதைக் கிரேக்கத்தில் எப்படிச் சொல்வது? காலையிலிருந்து இதே யோசனை. தமிழில் சிரமமே இல்லை, 'தப்பா எடுத்துக்காதீங்க' என்றால் முடிந்தது. கிரேக்கத்திலும் 'எடு' என்பதற்கு 'பேர்னோ' இருக்கிறது. 'கோணலாக எடுத்துக்கொண்டான்' என்று பேச்சில் சொல்வார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது 'மின் தோ பரெக்ஸியீசிஸ்', அதாவது 'அதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதே'.

'எக்ஸிகோ' என்றால் விளக்குவது. பழைய கிரேக்கத்தில் அதன் மூலச்சொல்லுக்கு வழிநடத்துவது என்றும் பொருள். ஏதென்ஸில் புனிதச் சட்டங்களுக்கு விளக்கம் சொன்ன அதிகாரிகளுக்குப் பெயரே 'எக்ஸெகெதாய்'. 'எக்ஸிகோ'வுக்கு முன்னால் 'பாரா' சேர்ந்து 'பரெக்ஸிகோ' ஆனதும் விளக்கம் வழி தவறிப் போய்விடுகிறது. எவ்வளவு அழகான சொல்!

அப்புறம், இதன் செயப்பாட்டு வடிவத்துக்கு இரண்டு பொருள். ஒருவரைப் பிறர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றும் வரும், அவர் மனம் புண்பட்டார் என்றும் வரும். சொன்னவர் வருத்தமும் கேட்டவர் வருத்தமும் ஒரே சொல்லில். இடம் பார்த்துத்தான் எது என்று பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு மொழிபெயர்த்தால் காயப்பட்ட ஆளே மாறிவிடுவார்.