பாதி நாள் குளிருக்கு என்ன பூசுவது?

வேலூரில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மே மாதத்து 40 டிகிரியை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? மார்கழியில் காலை ஆறு மணிக்குக் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை ஸ்கூட்டர் ஓட்டிப் பார்க்கட்டும். மழைக்காலம் ஓய்ந்து காற்றில் ஈரம் குறைந்ததை முதலில் காட்டிக்கொடுப்பது என் முழங்காலுக்குக் கீழே உள்ள தோல்தான். நகத்தால் லேசாகக் கீறினாலே சிலேட்டில் எழுதியதுபோல வெள்ளைக் கோடு விழும்.

இந்த முறை கார்த்திகை தீபம் முடிந்த கையோடு பழக்கங்களை மாற்றத் தொடங்கினேன். பனிக்காலப் பராமரிப்பு என்று கிடைக்கும் குறிப்புகளில் பாதி டெல்லிக்காரர்களுக்கு எழுதியவை. இங்கே விடியற்காலையில் ஸ்வெட்டர், மதியம் மின்விசிறி. கெட்டியான கோல்டு கிரீமைக் காலையில் பூசிக்கொண்டு கிளம்பினால் சாப்பாட்டு வேளைக்குள் முகத்தில் எண்ணெய் வழியும். அதனால் கெட்டியானவை இரவுக்கு. பகலுக்குக் கிளிசரின் கலந்த மெல்லிய லோஷன், அதன்மேல் சன்ஸ்கிரீன். பனிக்காலத்தில் சன்ஸ்கிரீன் எதற்கு என்பவர்கள் தை மாதத்துப் பகல் வெயிலில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

புதிதாக வாங்கியது கொஞ்சம், நிறுத்தியதுதான் அதிகம். முதலில் சுடச்சுட வெந்நீர். ஊற்றிக்கொள்ளச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோலின் மேலடுக்கில் ஈரத்தைக் காத்து வைத்திருக்கும் கொழுப்பை அந்தச் சூடும் சோப்பும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. இப்போது வெதுவெதுப்பான நீர், சட்டென்று முடியும் குளியல், சோப்பு அக்குளுக்கும் பாதத்துக்கும் மட்டும். எங்கள் போர் தண்ணீர் வேறு உப்பு. பக்கெட் விளிம்பில் வெள்ளை படியும். அந்த நீரில் சோப்பு சரியாக நுரைக்காது, தோலிலேயே படிந்து அரிப்பெடுக்கும். கடைசிச் சொம்புகளுக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்கிறேன், அது வருகிற நாட்களில். தோலை இன்னும் உலர்த்தும் கடலை மாவும், பருவுக்கான சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷும் மாசி முடியும்வரை பரணில்.

பூசும் நேரமும் முக்கியம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, உடம்பில் ஈரம் இருக்கும்போதே லோஷன் போட வேண்டும். இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இதை விளக்கியபோது அம்மா, ஈரக்காலில் தேங்காய் எண்ணெய் தடவு என்று நான் எத்தனை வருடமாகச் சொல்கிறேன் என்றார். சரிதான், கைகால்களுக்கு எனக்கு இன்றும் அதுவே போதும். முகத்துக்கு ஆகாது, பருதான் வரும்.

பெரிய வேலை அம்மாவின் குதிகால். அவருக்குச் சர்க்கரை நோய். நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தில் வியர்வை குறைந்து தோல் இன்னும் வறளும், வெடிப்பு வலிக்கவும் வலிக்காது. அதுதான் பயம். பிளேடால் சுரண்டும் வழக்கத்தை அடியோடு நிறுத்தச் சொன்னேன். இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, வாஸ்லின் தடவி, பருத்திக் காலுறை. விரல் இடுக்கில் மட்டும் தடவுவதில்லை. ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். தடித்த தோலை மென்மையாக்கும் யூரியா களிம்பு வாய் பிளந்த வெடிப்பில் எரியும் என்பதால், மேலாக இருந்தவை மூடிய பிறகே 10 சதவீதக் களிம்புக்கு மாறினோம். காலுறையோடு தூக்கம் வரவில்லை என்று நடு இரவில் கழற்றி எறிவார். காலையில் அதைக் கட்டிலுக்கடியில் தேடுவது என் வேலை.

பொங்கலுக்குள் குதிகால் விளிம்பு மெத்தென்று ஆகிவிட்டது. ஆழமான ஒரு வெடிப்பு மட்டும் மூட மறுத்ததால், கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்கி வந்தோம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். களிம்பில் இன்னொரு டியூப் வாங்கி வைத்திருக்கிறேன்.