எடையைக் கொடுப்பது

பன்னிரண்டு வருடம் பரதம் ஆடிய பிறகுதான் முதல் காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் வகுப்புக்குப் போனேன். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, எடையைப் பகிர்ந்து, முன்திட்டமில்லாமல் ஆடும் நடன முறை அது. "என் முதுகுல சாய்ஞ்சு எடையைக் கொடுங்க" என்றார் உடன் ஆடியவர். சாய்ந்தேன். "இன்னும் கொடுக்கவே இல்லையே" என்றார். உண்மைதான். முதுகு அவர்மேல் பட்டதே தவிர, முழு பாரமும் என் தொடையில்தான் இருந்தது. முழங்காலை வெளிப்பக்கம் மடக்கி நிற்கும் அரைமண்டியில் வளர்ந்த உடம்பு, தன் எடையைத் தானேதான் தாங்கும்.

1972-ல் இந்த முறையைத் தொடங்கிய அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன், அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பயின்றவர். அடிபடாமல் உருண்டு விழுவது அதில் அடிப்படைப் பாடம். எனக்கு விழுவது என்றாலே தப்பு. அது மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதற்காக அரைமண்டியை விட்டுவிடவில்லை. விட வேண்டியதில்லை என்று காட்டியவர் நடன அமைப்பாளர் சந்திரலேகா. 2006-ல் மறைந்துவிட்டார், நான் பார்த்ததெல்லாம் ஒளிப்பதிவில்தான். பரதம், களரி, யோகா மூன்றும் அவரிடம் ஒரே முதுகெலும்பின் வேலையாகத் தெரியும். அவருடைய கலைஞர்கள் ஒரு காலைத் தரையிலிருந்து எடுப்பதற்குள் நான் ஒரு ஜதியையே முடித்திருப்பேன். அந்த நிதானத்தை முதலில் பார்த்தபோது மூச்சுவிட மறந்தேன்.

அவர் வாழ்க்கையில் ஒரு சம்பவம் என்னை விடவே இல்லை. 1952-ல் அவருடைய முதல் நிகழ்ச்சி, ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது. யமுனையின் தண்ணீரை அபிநயம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, பத்திரிகைகளில் பார்த்த வெடித்த நிலம் அவர் கண்முன் வந்திருக்கிறது. நாட்டியத்துக்கும் வாழ்க்கைக்கும் என்ன உறவு என்ற கேள்வி அங்கே பிறந்தது. அதைப் படித்த அன்று என் அபிநயங்களையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கை மட்டும்தான் ஆடியிருக்கிறது.

அப்புறம் நடனம் அமைக்கத் தொடங்கியபோது ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பௌஷின் வழக்கம் கைகொடுத்தது. அவர் ஒத்திகையில் அசைவுகளைச் சொல்லித் தருவதைவிடக் கேள்விகளைத்தான் அதிகம் கேட்டவர். நானும் போன மாதம் கேட்டேன்: "கடைசியா யார்கிட்ட பாரத்தை இறக்கி வச்சீங்க?"

ஒரு பெண் பதிலே சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றவர் தோளில் நெற்றியை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அவள் குதிகால்கள் மெல்லத் தரையைவிட்டு எழுந்தன. தோள் கொடுத்தவர் ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொண்டார். அந்த இடத்துக்கு இசை வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தோம்.