அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஒரு பகல்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற சித்தப்பாவுக்கு விடியுமுன்னே தோட்டத்தில் வைத்தே நெஞ்சை அடைக்கிற மாதிரி வந்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு, தக்கலை வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனோம்.

உள்ளே போனதும் ஈசிஜி எடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி பார்த்துவிட வேண்டும் என்பதுதான் முறை. மணிக்கட்டில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்ததால் கிளிப் மாட்டுமுன் நர்ஸ் அதை நகத்தால் சுரண்டி உரித்தார். முடியும் சேர்ந்து வந்தது. "கொஞ்சம் பொறுங்க பாட்டா" என்றார். சித்தப்பாவுக்கு 58 வயசுதான், வலியை விட அந்த பாட்டாதான் அவரை உறுத்தியது என்று நினைக்கிறேன்.

ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லை, அவசரம்தான், ஆனால் கொஞ்சம் காத்திருக்கலாம் என்பதற்கான மஞ்சள் பட்டையைக் கையில் கட்டினார்கள், அதோடு எங்களை எல்லோரும் மறந்துவிட்ட மாதிரி இருந்தது. ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசையில் அடி பட்டிருந்தாலும் ரத்தத்தில் தெரியச் சில மணி நேரம் ஆகும் என்பதால் முதல் ரிசல்ட் சரியாக இருந்தாலும் விடமாட்டார்கள், 3 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்களே என்று நான் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அதற்குத்தான். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம், டியூட்டி டாக்டரை வழிமறித்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் பைக்கில் இருந்து விழுந்த பையன் ஒருவன் வந்தான், உயிருக்கு ஆபத்து என்றால் கட்டுகிற சிவப்புப் பட்டை, நேரே உள்ளே போனான். "நாங்க வந்து எவ்வளவு நேரமாச்சு, இவன் இப்பதானே வந்தான்" என்று ஓர் அண்ணாச்சி சத்தம் போட்டார். பணத்துக்கு என்ன செய்வேன் என்று அழுத பையனின் அம்மாவிடம், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

காய்ச்சல், இருமல் என்று வருகிறவர்களால்தான் இவ்வளவு கூட்டம் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் நாற்காலியில் இருந்து மாத்திரை வாங்கிப் போய்விடுகிறார்கள். ட்ராலிகளை அடைத்துக்கொண்டிருந்தது டாக்டர் பார்த்து முடித்து, அட்மிஷனும் எழுதி, மேலே வார்டில் பெட் இல்லாமல் கிடந்தவர்கள். வார்டில் டிஸ்சார்ஜ் எழுதினவர் பில், காப்பீட்டுப் பேப்பர், ஊரில் இருந்து வரவேண்டிய கார் எல்லாம் முடிந்து கிளம்பினால்தானே அந்தப் பெட் காலியாகும்.

எப்போ முடியும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. ஆனால் சித்தப்பாவுக்கு மறுபடி வேர்த்து, இடது கை கடுக்கிறது என்றதும் ஓடிப்போய் அதை அப்படியே சொன்னேன், உடனே இன்னொரு ஈசிஜி எடுத்தார்கள். இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் அளவு கூடியிருந்தது, அட்மிஷன் போட்டார்கள்.

பெட் கிடைக்க மதியம் தாண்டிவிட்டது. மேலே போனதும் முதலில் இருந்து எல்லாக் கேள்வியும் மறுபடி. பழைய ஈசிஜி இருக்கிறதா என்று கேட்டார்கள், நல்லவேளை சித்தி அதை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆஞ்சியோ என்று எழுதினார்.