'5 நிமிட நடை' என்று போட்டிருந்தது

மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு செய்தி. செவ்வாய்க்கிழமை, கோலாலம்பூருக்கு வெளியே பூச்சோங்கில் வேலை உறுதியானது. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் மாடியேறி வந்து, செந்தூல் வீட்டை விற்கப்போகிறேன், ஆகஸ்டுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பதினோரு வருடமாக இருந்த வீடு. அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருடத்தில் இரண்டு தடவைதான் வாடகையை ஏற்றியிருக்கிறார். அம்மா அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

என்னிடம் கார் இல்லை. லைசென்சும் இல்லை. சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜே.பி.ஜே.) தேர்வுக்கு இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கிற இடத்தில் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. மூன்றாவது முறை போக மனசு வரவில்லை. செந்தூலில் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர், நடந்தேதான் போய் வந்தார். சந்தை, கோயில், கிளினிக், எல்லாமே காலுக்கு எட்டும் தூரம். காரில்லாதவர்களுக்குக் கோலாலம்பூர் எப்படிப்பட்ட ஊர் என்பது வீடு தேடத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

புது ஆபீஸ், தாமான் பெரிண்டஸ்ட்ரியான் பூச்சோங் என்ற தொழிற்பேட்டையில். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி, எனக்குக் கணக்குப் பிரிவு. எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கே அந்தத் தொழிற்பேட்டையின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 2016இல் ஸ்ரீ பெட்டாலிங் பாதையைப் பூச்சோங் வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டினார்களே, அது மட்டும் இல்லையென்றால் இந்த வேலைக்கு மனுவே போட்டிருக்க மாட்டேன். செந்தூல் தீமோரில் ஏறினால் மாறாமல் நேராகப் போய் இறங்கலாம். முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனேன். தொடக்க நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைத்துவிடும். மஸ்ஜித் ஜாமெக்கில் கூட்டம் ஏறும், பண்டார் தாசிக் செலாத்தானில் இன்னும் ஏறும். வீட்டுக் கதவிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை ஒன்றரை மணி நேரம், திரும்பி வர இன்னொரு ஒன்றரை. மை50 என்ற மாதப் பயண அட்டை இருந்ததால் செலவு மாதம் 50 வெள்ளியோடு (ரிங்கிட்) நின்றது. போனது காசு இல்லை, பொழுது.

சரி, எப்படியும் வீடு மாறவேண்டும், ஆபீஸ் பக்கமாகவே மாறிவிடலாம் என்று முடிவு செய்தோம். சம்பளம் 3,400 வெள்ளி. சேமநிதியும் மற்றதும் பிடித்தது போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 3,000. வாடகை 1,200க்கு மேல் போகக்கூடாது, ஆபீசுக்கு நடந்து போகவேண்டும். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். அந்தக் கணக்கில் அம்மா இல்லை என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

முதலில் பார்த்த விளம்பரத்தில் '5 நிமிட நடை' என்று போட்டிருந்தது. வரைபடத்தில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே என் கட்டைவிரல் அகலம்தான். சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ஏழாவது மாடி. ஏஜென்டு எங்களை நேராகப் பால்கனிக்குக் கூட்டிப்போய், 'அதோ பாருங்கள்' என்றார். எங்கள் கம்பெனி பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கீழே இறங்கி, நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். நடுவில் எல்.டி.பி. நெடுஞ்சாலை. போக நான்கைந்து தடம், வர நான்கைந்து தடம், இரண்டு ஓரத்திலும் துணைச்சாலை. பாதசாரிப் பாலம் எங்கேயோ தள்ளி இருந்தது. அதுவரை நடக்கப் பாதை இல்லை. புல்லில் கொஞ்சம், லோங்கான் (சாக்கடை) மூடிமேல் கொஞ்சம், பட்டறைக்காரர்கள் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே கொஞ்சம். ஆபீஸ் வாசலை அடைய 27 நிமிடம். அம்மா வழியில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்: 'இந்த அஞ்சு நிமிஷத்தை யாரு நடந்து பார்த்தாங்க?'

யாரும் நடந்து பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். பூச்சோங் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமும் ஈயச்சுரங்கமுமாக இருந்த இடம். அம்மா இன்னமும் அந்தப் பக்கத்தைப் 'பதினாலாங்கட்டை', அதாவது பதினாலாவது மைல், என்றுதான் சொல்வார். சிறு வயதில் அத்தை வீட்டுக்குப் போய் வந்த பழக்கம். தோட்டத்தை அழித்துத் தாமான் (குடியிருப்பு) கட்டியவர்கள், வீட்டுக்கு ஒரு கார், இரண்டு கார் இருக்கும் என்று எண்ணியே கட்டியிருக்கிறார்கள். அதனால் விளம்பரத்தில் 'பக்கம்' என்றால் காரில் பக்கம் என்று அர்த்தம். 'எல்.ஆர்.டி.க்கு 3 நிமிடம்' என்றால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு 3 நிமிடம்.

இன்னொரு தடை வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறது. இங்கே வாடகை வீடு தேடிய நம்மவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். போனில் பேசும்போது, வீடு காலியாக இருக்கிறதா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், 'நீங்கள் என்ன இனம்?' என்று கேள்வி வந்துவிடும். சொன்னதும் வீடு அந்த நிமிடமே வாடகைக்குப் போய்விடும். சிலர் மரியாதையாக, 'வீட்டுக்காரர் விருப்பம், நான் என்ன செய்ய' என்பார்கள். சிலர் விளம்பரத்திலேயே வெளிப்படையாகப் போட்டுவிடுகிறார்கள், அதிலாவது ஒரு ரயில் பயணம் மிச்சம். ஒருவர், 'கறி அதிகம் சமைப்பீர்களா?' என்று கேட்டார். சமைப்போம் என்றேன். அம்மாவின் நண்டுக்கறியை விட்டுக்கொடுத்து ஒரு வீடு வேண்டுமா என்ன! வாடகைக்கு இருப்பவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாக வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதற்குக் காத்திருக்க முடியாதே. 'இந்தியர், அம்மாவும் மகளும், இரண்டே பேர்' என்று முதல் செய்தியிலேயே எழுதிவிடும் பழக்கத்துக்கு வந்தேன். அப்படி 23 பேருக்கு எழுதினேன். 9 பேர் பதில் போட்டார்கள்.

அந்த 9இல் ஒன்று, லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட். நான்காவது மாடி, வாடகை 750. எனக்கு ஆசையாக இருந்தது, மாதம் 450 மிச்சமாகுமே. அம்மா மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரில் கைவைத்து நின்று, 'காத்து நல்லா வருதுல்ல' என்றார். காற்று வரவில்லை. இன்னொன்று நிலையத்தை ஒட்டிய கொண்டோ, 1,900 வெள்ளி, நீச்சல்குளம் உண்டு. 'யாரு குளிக்கிறது?' என்று அம்மா கேட்டதோடு அது முடிந்தது.

அந்த மூன்றாவது மாடித் திருப்பத்துக்குப் பிறகுதான் என் கணக்கை மாற்றினேன். நான் காலையில் போனால் மாலையில்தான் வருவேன். பகல் முழுக்க அந்த இடத்தில் இருக்கப்போகிறவர் அம்மா. 63 வயது, முட்டிவலி, இரண்டு சக்கரம் வைத்த சந்தைத் தள்ளுவண்டி. எனக்கு 10 நிமிடம் என்றால் அவருக்கு 16. ஆகவே ஒவ்வொரு வீட்டையும் அந்தத் தள்ளுவண்டியோடு போய்ப் பார்த்தோம். உள்ளே ஒன்றும் இல்லாமல் இழுத்தால் தெரியாது என்று அம்மா இரண்டு கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு வருவார். ஏஜென்டுகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும். ஒரு முழ உயரத்துக்கு ஏறும் நடைபாதை விளிம்பு, உடைந்த லோங்கான் மூடி, நடைபாதையிலேயே நட்டுவைத்திருக்கும் மின்கம்பம் எல்லாம் அந்தச் சக்கரத்துக்குத்தான் தெரிகிறது.

வீடு பிடித்திருந்தால் நான் தனியாக இன்னொரு தடவை போவேன், இரவு எட்டுக்கு. விளக்கு எரிகிறதா, நாய் எத்தனை, கடைகள் திறந்திருக்கின்றனவா. பையை மோட்டார் வரும் பக்கமாக மாட்டாமல் உள்பக்கமாக மாட்டிக்கொண்டு, எதிரே வாகனம் வரும் திசையில் நடப்பது என்பதைப் பள்ளிக்கூட வயதிலேயே அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படி நடக்க முடியாத தெரு என்றால் வேண்டாம். ஒரு தடவை மழை கொட்டி ஓய்ந்ததும் போனேன். பகலில் அழகாக இருந்த சுரங்கவழியில் கணுக்கால் அளவு தண்ணீர்.

கடைசியில் கிடைத்த வீடு எந்த விளம்பரத்திலும் வரவில்லை. பூச்சோங் பெர்டானா பக்கம் ஒரு தோசைக் கடையில் பசிக்கு உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு, 'எங்கே வீடு மாத்துறீங்களா?' என்று கடைக்கார அக்கா கேட்டார். அம்மா முழுக்கதையையும் சொன்னார், நண்டுக்கறி உட்பட. பின்தெரு அடுக்குமாடியில் ஒரு வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று அந்த அக்கா போன் போட்டார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர், எல்லாரும் 'சிக்கு' (மலாயில் வாத்தியார்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். எத்தனை பேர், என்ன வேலை, இந்த இரண்டு கேள்விதான் கேட்டார். 1,250 சொன்னார், அம்மா 1,150க்கு இறக்கினார். இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, லிஃப்ட் வேலை செய்யாத நாளிலும் ஏறிவிடலாம்.

காசு விவரம் கேட்பவர்களுக்கு: இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை, ஆக 4,025 வெள்ளியை ஒரே நாளில் எண்ணி வைத்தேன். ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குத்தான் போட்டோம். வருட வாடகை 13,800. ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி முத்திரைவரி, அப்படி 56 வெள்ளி, இரண்டாவது பிரதிக்கு 10. இரண்டு வருடத்துக்குப் போட்டிருந்தால் 250க்கு 3 வெள்ளி ஆகியிருக்கும். முன்பெல்லாம் வருட வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு வரி கிடையாது, அந்தச் சலுகை 2025இல் போய்விட்டது. சிறு தொகைதான். ஆனாலும் முத்திரை வைக்காமல் விட்டுவிடாதீர்கள், நாளைக்கு டெபாசிட்டுக்காகச் சண்டை வந்தால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

ஆபீசுக்கு நடந்தே போகும் ஆசை நிறைவேறவில்லை. நிலையத்துக்கு 11 நிமிடம் நடக்கிறேன், ரயிலில் நடுவே பண்டார் புத்ரி மட்டும்தான், அதற்கு அடுத்த நிலையத்தில் இறங்கி இன்னொரு 6 நிமிடம். எல்லாம் சேர்த்து அரை மணிக்குள். அம்மாவுக்குக் காலைச் சந்தை, மளிகைக் கடை, கிளினிக் மூன்றும் சாலையைக் கடக்காமலே கிடைத்துவிட்டன. வந்த இரண்டாவது வாரத்திலேயே, திடலின் வேலியில் கம்பி விலகிய இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன்வழியே போனால் சந்தை நான்கு நிமிடம் கிட்டே என்றார். தள்ளுவண்டி நுழைகிறதாம்.

கோயில் மட்டும்தான் குறை. இங்கேயும் பக்கத்தில் கோயில் இருக்கிறது, ஆனால் அம்மாவுக்குச் செந்தூல் தண்டாயுதபாணிதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுகிறார். மூத்தோருக்குப் பாதிக் கட்டணம், ஏறும் இடத்தில் கூட்டமும் இல்லை. நான் விட்டுவிட்டு வந்த அதே நீளப் பயணத்தை இப்போது அவர் போய் வருகிறார், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு. சாமி கும்பிட்டுவிட்டு, பழைய அக்கம்பக்கத்து வீடுகளில் ஒரு சுற்று பேசிவிட்டு, சந்தையில் காய் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். போன வெள்ளி தள்ளுவண்டியிலிருந்து முருங்கைக்காயை எடுத்து மேசையில் பரப்பினார். கீழேயே விற்கிறதே அம்மா, இதையா ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள் என்றேன். பூச்சோங் முருங்கைக்காயில் சதை இல்லையாம்.